லயனல் வென்ட்டின் ஒளிப்படங்களில் ஆணுடலும் வேட்கையும்: வாழ்வும் பின்புலமும்

முன்னுரை

இலங்கை நவீனக் கலை வரலாற்றில் லயனல் வென்ட் (1900–1944) என்னும் பெயர் இன்று பெரிதும் ஒரு கட்டடத்தின் பெயராகவே வழங்குகிறது. கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் நாடகமோ இசை நிகழ்ச்சியோ கண்டவர் பல்லாயிரவர். அவ்வரங்கிற்குப் பெயர் தந்தவரின் ஒளிப்படங்களைக் கண்டவர் அவர்களுள் மிகச் சிலரே. பியானோக் கலைஞர், கலை விமரிசகர், ஓவியர்களின் புரவலர், ஒளிப்படக் கலைஞர் என அவரை அறிமுகப்படுத்தும் குறிப்புகள் பல உள்ளன. ஆணுடலை வேட்கையோடு நோக்கிய கண் அவருடையது என்பதையும், தெற்காசியாவில் தன்பாலீர்ப்பு அழகியலின் முன்னோடியாக அவர் இன்று உலக அளவில் கருதப்படுகிறார் என்பதையும் அக்குறிப்புகளுட் பல சொல்லாமலே கடந்துவிடுகின்றன. வென்ட்டின் குடும்பம், கல்வி, கலைச் சூழல், சட்டச் சூழல் ஆகியவற்றின் பின்னணியில் அவருடைய ஆணுடற் படங்களை இக்கட்டுரை அணுகுகிறது. ஆணுடலை அழகெனப் பாடிய தமிழ் மரபு அப்படங்களைப் பயில எவ்வாறு துணைசெய்யும் என்பதும் இங்கு ஆராயப்படுகிறது.

குடும்பமும் கல்வியும்

வென்ட் 1900 டிசம்பர் 3ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தை ஹென்றி லாரன்ஸ் வென்ட் டச்சுப் பறங்கியர் மரபினர். இலங்கை உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் சட்ட நிரூபண சபை உறுப்பினராகவும் இருந்தவர். தாய் அமீலியா டி சேரம் சிங்கள உயர்குடியினர். ஒளிப்படக் கலை மகனுக்குத் தந்தையிடமிருந்தே கிட்டியது எனலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் உருவான ஒளிப்பட ஆர்வலர் சங்கத்தில் நீதிபதி வென்ட்டும் ஒருவர். அவர் 1911இல் மறைந்தார். தாய் 1918இல் மறைந்தார். பதினெட்டு வயதில் பெற்றோர் இருவரையும் இழந்த வென்ட்டிடம் செல்வமும் சமூக மதிப்பும் இருந்தன. கட்டளையிட மூத்தோர் இல்லை. பின்னாளில் அவர் மேற்கொண்ட தனித்த வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இச்சூழல் முதன்மையானது.

சட்டம் பயில இலண்டன் சென்ற அவர் இன்னர் டெம்பிளில் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். அதே காலத்தில் இராயல் அகாதெமி ஆஃப் மியூசிக்கில் பியானோவும் கற்றார். புகழ்பெற்ற பியானோ மேதை மார்க் ஹாம்பர்க்கிடமும் பயின்றார். 1924இல் கொழும்பு திரும்பியவர் வழக்கறிஞர் தொழிலை விரைவில் கைவிட்டு இசைக்குத் திரும்பினார். ஒளிப்படக் கருவியை அவர் முழு ஈடுபாட்டுடன் கையிலெடுத்தது முப்பதுகளின் தொடக்கத்தில்தான். எஞ்சியிருந்த வாழ்நாள் ஏறத்தாழப் பத்தாண்டே. அவருடைய முக்கியப் படங்கள் அனைத்தும் அக்குறுகிய காலத்தின் விளைவே என்பது வியப்பிற்குரியது.

கொழும்பின் பண்பாட்டு நடுவம்

1929இல் சிலி நாட்டின் தூதரக அலுவலராகக் கொழும்பு வந்த கவிஞர் பாப்லோ நெரூதா, வெள்ளவத்தையில் கடலோரம் வாழ்ந்தார். பேரரசின் மறைவிற்கும் இலங்கையின் சொந்த விழுமியங்களைக் கண்டடையும் முயற்சிக்கும் இடையே ஊசலாடிய ஒரு பண்பாட்டுச் சூழலின் நடுவில் நின்றவராக வென்ட்டை அவர் தம் நினைவுக் குறிப்புகளில் காட்டுகிறார். வென்ட்டின் நூலகத்திலிருந்து புத்தகங்கள் மூட்டையாகத் தம் வீட்டிற்கு வந்துகொண்டிருந்ததையும் குறிப்பிடுகிறார்.

ஜார்ஜ் கீட் முதலிய ஓவியர்களுக்கு வென்ட் பல ஆண்டுகள் ஊக்கமும் பொருளுதவியும் நல்கினார். பிரித்தானியக் கலைக்கூட மரபிலிருந்து விலகிய ஓவியர்களை ஒன்றிணைத்து 1943இல் அவர் முன்னின்று உருவாக்கியதே '43 குழு'. ஹாரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ரிச்சர்ட் கேப்ரியல், மஞ்சுசிறி முதலியோர் அதில் இடம்பெற்றனர். 1934இல் இலங்கை ஒளிப்படச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள்ளும் வென்ட் ஒருவர். 1938இல் இலண்டன் கேமரா கிளப்பில் அவருடைய தனிக் கண்காட்சி நிகழ்ந்தது. இவை அனைத்தும் பலரும் எழுதியவை; எனவே இங்கு விரிக்கப்படவில்லை.

திரையில் ஒலித்த குரல்

வென்ட்டின் பெயர் உலகத் திரைப்பட வரலாற்றில் இடம்பெறக் காரணம் 'சாங் ஆஃப் சிலோன்' (1934). இலங்கைத் தேயிலைப் பிரசார வாரியத்திற்காக ஜான் கிரியர்சன் தயாரிக்க, பேசில் ரைட் இயக்கிய ஆவணப்படம் இது. 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. ரைட்டுக்கு இலங்கையில் வழிகாட்டியாக விளங்கியவர் வென்ட். படத்தின் பின்னணிக் குரலும் அவருடையதே. 1681இல் வெளிவந்த இராபர்ட் நாக்ஸின் இலங்கை வரலாற்று நூலிலிருந்து எடுக்கப்பட்ட பகுதிகளையே அக்குரல் வாசிக்கிறது. கண்டி அரசில் பல்லாண்டு சிறைப்பட்டிருந்த ஓர் ஆங்கிலேயனின் சொற்கள், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், இலங்கையில் பிறந்த ஒருவரின் நாவில் ஒலிக்கின்றன. யாருடைய பார்வை, யாருடைய குரல் என்னும் வினாவை இப்படத்தின் அமைப்பே எழுப்புகிறது.

நான்கு பகுதிகளாக அமைந்த இப்படத்தின் மூன்றாம் பகுதி வணிகத்தின் குரல்களைப் பற்றியது. சந்தை விலைகளும் கப்பல் அறிவிப்புகளும் செவியில் ஒலிக்க, உழைப்பாளர் உடல்கள் திரையில் இயங்குகின்றன. தேயிலை பறிப்போர் மலையகத் தமிழர். தேயிலைக்காக எடுக்கப்பட்ட இப்படத்தில் அவர்களுக்குச் சொந்தக் குரல் இல்லை. தமிழ் ஆய்வாளர் மறவாது குறிக்க வேண்டிய செய்தி இது. இறுதிப் பகுதியில் கண்டிய நடனக் கலைஞர்கள் ஆடுகின்றனர். மேலுடம்பில் அணிமணிகள் மட்டுமே தரித்த ஆடவர் உடலின் அசைவே அங்குக் காட்சியின் மையம். வென்ட் இக்கலைஞர்களை ஆதரித்தவர். அவர்களைத் தம் ஒளிப்படக் கருவியாலும் பதிவு செய்தவர். அவருடைய நிழற்படங்களையும் இத்திரைப்படத்தையும் அடுத்தடுத்துக் காண்போர்க்கு, ஆடவர் உடலின்பால் கொண்ட ஈடுபாட்டில் இரண்டும் உறவுடையன என்பது விளங்கும்.

ஆணுடலும் ஒளியும்

வென்ட்டுக்கு முன்னரே இலங்கை மக்களின் உடல்கள் ஏராளமாகப் படமாக்கப்பட்டிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கொழும்பு, கண்டி ஒளிப்படக் கூடங்கள் மரமேறி, மீனவர், தோட்டத் தொழிலாளி என மனிதரை வகைமாதிரிகளாக்கி அஞ்சலட்டைகளில் விற்றன. ஜூலியா மார்கரெட் கேமரன் 1875 முதல் 1879இல் தாம் மறையும் வரை இலங்கையில் வாழ்ந்து தோட்டத் தொழிலாளர்களைப் படமெடுத்தார். அவ்வுருவங்களுக்குப் பின்னின்ற நோக்கு பெரும்பாலும் இனவியல் ஆர்வமோ வணிகமோ ஆகும்.

வென்ட் அதே உழைக்கும் உடல்களையே எடுத்துக்கொண்டார். நோக்கு மட்டும் மாறியது. கோவணம் தரித்த இளைஞனின் முதுகில் பக்கவாட்டு ஒளி படிகிறது. தோள், விலா, இடை ஆகியவற்றின் வளைவுகள் நிழலிலிருந்து மெல்ல எழுகின்றன. கருந்தோலை ஒளிப்படத்தில் ஒரு நிறையாகக் காட்டியதே அவருடைய பெருஞ்சாதனை. ஐரோப்பிய ஒளிப்படக் கையேடுகள் வெண்ணிறத் தோலையே அளவுகோலாகக் கொண்டிருந்த காலம் அது. கருமைக்குள் எத்தனை நிறத்தரங்கள் உள்ளன என்பதை வென்ட் இருட்டறையில் தேடிக் கண்டார். மான் ரே வழியாகப் புகழ்பெற்ற சோலரைசேஷன் என்னும் உத்தியையும் அவர் கையாண்டார். படத்தாளையோ நெகட்டிவையோ உருத்துலக்கும்போது இடையில் சிறிது ஒளிபடச் செய்தால், நிறங்கள் பகுதியளவில் தலைகீழாகி, உருவத்தின் விளிம்பில் ஒரு கோடு தோன்றும். அவருடைய அம்மணப் படங்கள் சிலவற்றில் இக்கோடு உடலை விரலால் வருடியதுபோல் சுற்றிச் செல்கிறது. உத்தி வேட்கையின் மொழியாக மாறும் இடம் இது. ஆயினும் உத்தியை மட்டும் பாராட்டிவிட்டு வேட்கையைப் பேசாமல் நிறுத்திக்கொள்வது விமரிசன வழக்கமாயிற்று.

அவர் பெண்களையும் முதியோரையும் கடற்கரையையும் தொல்சிற்பங்களையும் படமெடுத்தார். எனவே அவரை ஆணுடல் ஒளிப்படக் கலைஞர் என்று மட்டும் சுருக்குவதும் பிழையாகும். ஆனால் ஒரு காட்சியை மீண்டும் மீண்டும் நாடிச் செல்லும் கண் எதைத் தேடுகிறது என்பதைப் படங்களின் தொகுதியே சொல்லும். வென்ட்டின் தொகுதியில் அத்தகைய மீள்வருகை இளம் ஆடவர் உடலுக்கே மிகுதியும் உரியது.

இங்கு ஓர் ஒப்பீடு பயன்தரும். 1942இல் பிறந்து, 1970களில் சான் பிரான்சிஸ்கோ நகரில் புகழ்பெற்ற ஜெர்மானியரான பீட்டர் பெர்லின், ஆண் தன்பாலீர்ப்புக் காமப் படங்களின் அடையாளச் சின்னமாகக் கருதப்படுபவர். ஒளிப்படக் கலைஞரும் படத்தில் உள்ள உடலும் அவரே. ஆடையை வடிவமைத்தவரும் அவரே. 'நைட்ஸ் இன் பிளாக் லெதர்' (1973), 'தட் பாய்' (1974) ஆகிய திரைப்படங்களில் அவர் தம்மையே காட்சிப்பொருளாக்கிக்கொண்டார். பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் ஒருவரே ஆனதால் அங்கு வேட்கைக்கு உரிமையாளர் யார் என்னும் ஐயம் எழுவதில்லை. வென்ட்டின் படங்களிலோ பார்ப்பவர் நீதிபதியின் மகன். பார்க்கப்படுபவர் பெயர் குறிக்கப்படாத உழைப்பாளி.

பெயரற்றோர் சிக்கல்

நெரூதாவின் நினைவுக் குறிப்புகள் இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகின்றன. வென்ட்டைப் போற்றும் அதே நூலில், வெள்ளவத்தை வீட்டின் கழிப்பிடத்தைத் துப்புரவு செய்ய வந்த, ஒடுக்கப்பட்ட சாதியைச் சார்ந்த தமிழ்ப் பெண்ணொருத்தியைத் தாம் வன்புணர்ந்ததை நெரூதா எழுதியுள்ளார். அவளைச் சிலையோடு ஒப்பிட்டு வருணிக்கவும் அவர் தயங்கவில்லை. அவளுக்கு அந்நூலில் பெயர் இல்லை. உடலைச் சிலையாகக் காணும் அழகியல், அவ்வுடலுக்குரியவரின் விருப்பத்தைப் பொருட்படுத்தாத வன்முறையாக மாறக்கூடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

நெரூதா செய்ததை வென்ட்டின்மேல் ஏற்றுவது முறையன்று. அதற்கு எவ்வித அடிப்படையும் இல்லை. ஆனால் இருவரும் உலவியது ஒரே கொழும்பு. கூலிக்கும் கட்டளைக்கும் பழகிய ஒருவன் ஒளிப்படக் கருவியின் முன் ஆடை களைந்து நிற்கும்போது அவனது இசைவு எத்தன்மையது என்னும் வினா வென்ட்டின் படங்களுக்கும் பொருந்தும். அப்படங்களில் சிலர் கருவியை நேராக நோக்குகின்றனர். சிலர் முகம் திருப்பி நிற்கின்றனர். நேர்நோக்கில் ஓர் உறவு தெரிவதாகக் கொள்ளலாம். முகம் மறைந்த உடலிலோ அதனைத் தேடுவது கடினம். வென்ட்டைத் தன்பாலீர்ப்பு வரலாற்றின் முன்னோடியாகக் கொண்டாடும் எழுத்துகள் இவ்வினாவைத் தவிர்க்கின்றன. அவரைக் காலனிய உயர்குடி நோக்கின் எடுத்துக்காட்டாக மட்டும் காணும் எழுத்துகளோ, அப்படங்களில் உள்ள மென்மையையும் இடரையும் காணத் தவறுகின்றன.

தமிழ் மரபில் ஆணுடல் நோக்கு

ஆணுடலை அடிமுதல் முடிவரை நோக்கி இன்புறும் மரபு தமிழுக்குப் புதிதன்று. திருமுருகாற்றுப்படை முருகனின் தோளையும் மார்பையும் கைகளையும் விரித்துரைக்கிறது. உலா இலக்கியத்தில் வீதியில் பவனி வரும் தலைவனைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் கண்டு காமுறுகின்றனர். சேரமான் பெருமாள் நாயனாரின் ஆதியுலா தொடங்கி ஒட்டக்கூத்தரின் மூவருலா வழியாக இவ்வகை வளர்ந்தது. பாடியவர் ஆண், காண்போர் பெண்டிர். ஆணுடலின்மேல் கொண்ட வேட்கையைச் சொல்ல ஆண்புலவனுக்குப் பெண்ணின் கண் தேவைப்பட்டது.

பக்தி இலக்கியத்திலும் இவ்வமைப்பே பெரும்பான்மை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள், நாச்சியார் திருமொழியில் தம் வேட்கையைத் தம் குரலிலேயே பாட முடிந்தது, அவர் பெண். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் மாறிப் பாடினர். விதிவிலக்காக நிற்பவர் திருப்பாணாழ்வார். அவருடைய அமலனாதிபிரான் அரங்கனின் திருவடியில் தொடங்கி, ஆடை, உந்தி, மார்பு, கழுத்து, வாய், கண் என மேலேறிச் செல்லும்போது நாயகி வேடம் எதுவும் பூணவில்லை. பாணர் குலத்தில் தோன்றிய ஒருவர், தம் கண்ணால், தம் குரலால் ஓர் ஆண் திருமேனியைக் கண்டு கரைகிறார். இதனைத் தன்பாலீர்ப்பு எனக் கொள்வது பக்தி மரபைத் திரிப்பதாகும். அவ்வாறு இங்குக் கொள்ளப்படவில்லை. ஆணுடலின் அழகை ஆண் நேரடியாகச் சொல்வதற்குரிய மொழி தமிழில் இருந்தது என்பதே குறிக்கத்தக்கது.

இப்பின்னணியில் வென்ட்டின் படங்களைக் காணும்போது அவற்றின் புதுமை தெளிவாகிறது. ஒளிப்படத்தில் இடைநிற்கும் பெண் இல்லை. தலைவனின் பவனியைக் காண மாடத்தில் நிற்கும் எழுபருவ மகளிர் இல்லை. கருவியின் பின்னால் நிற்பவரின் கண்ணே காண்போரின் கண்ணாகிறது. உலாவில் பார்க்கப்படுபவன் அரசன் அல்லது இறைவன். மண்ணில் நிற்பவர் அண்ணாந்து நோக்குவர். வென்ட்டிடம் இவ்வடுக்கு தலைகீழாகிறது. உயர்குடியில் பிறந்தவர் மீனவனை நோக்குகிறார். பல படங்களில் ஒளிப்படக் கருவி தாழ இறங்கி, அம்மீனவனை வானத்தின் பின்னணியில் தலைவனாக உயர்த்திக் காட்டுகிறது.

சட்டமும் மௌனமும்

1883இல் பிரித்தானியர் இலங்கையில் இயற்றிய தண்டனைச் சட்டக் கோவையின் 365ஆம் பிரிவு, 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவினை ஒத்தது. 365அ பிரிவு ஆடவர் இருவருக்கு இடையிலான 'இழிசெயலை' வெளிப்படையாகவே குற்றமாக்கியது. 1995இல் அது திருத்தப்பட்டபோது நீக்கப்படவில்லை. பெண்களையும் உட்படுத்தி விரிக்கப்பட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள் வயதுவந்தோரின் இசைவான உறவைக் குற்றத்திலிருந்து நீக்கியது. இலங்கையில் அப்பிரிவுகளை மாற்றக் கொணரப்பட்ட சட்ட முன்வரைவு அரசியலமைப்பிற்கு முரணானதன்று என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்மானித்தது.

வென்ட் இச்சட்டத்தை அறியாதவர் அல்லர். அவர் பாரிஸ்டர், அவருடைய தந்தை அச்சட்டம் நிலவிய நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வீற்றிருந்தவர். படங்களைப் பொதுக் கண்காட்சிகளில் வைத்த துணிவை இதனோடு சேர்த்தே அளவிட வேண்டும். கலை என்னும் பெயரும் குடும்ப மதிப்பும் அவருக்குக் காப்பாக இருந்தன. அவர் முன் நின்ற உழைப்பாளிக்கு அத்தகைய காப்பு ஏதுமில்லை.

அக்காலக் கொழும்பு உயர்குடி வாழ்வின் இரட்டை முகத்தைப் புனைவில் காட்டியவர் ஷியாம் செல்வதுரை. அவருடைய 'சினமன் கார்டன்ஸ்' (1998) புதினம் டொனமூர் ஆணைக்குழு வந்த 1920களின் இறுதியில் நிகழ்கிறது. தமிழ் முதலியார் குடும்பத்து மகனான பாலேந்திரன் மணம்புரிந்து, தந்தைக்கு அடங்கி, தன் பழைய ஆங்கிலேயக் காதலனைக் காணும்போது தடுமாறுகிறான். வென்ட் மணம் புரியவில்லை, தந்தையும் இல்லை. புனைவின் தமிழனையும் வரலாற்றின் பறங்கியரையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், வேட்கையை வெளிப்படுத்தும் வாய்ப்பைக் குடும்ப அமைப்பு எந்த அளவிற்குத் தீர்மானித்தது என்பது புலனாகும்.

மறைவுக்குப் பின்

1944 டிசம்பரில் வென்ட் திடீரென மறைந்தார். வயது 44. அவருடைய நெகட்டிவ்கள் பின்னர் அழிக்கப்பட்டன. அவர் கைப்பட அச்சிட்ட படங்களே எஞ்சின. ஒளிப்படக் கலைஞரின் மறைவுக்குப் பின் புதிய பிரதிகள் எடுக்கப்படாதிருக்க இவ்வாறு செய்வது உண்டு என்று விளக்கம் கூறப்படுகிறது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஜார்ஜ் பிளாட் லைன்ஸின் வரலாறு இதற்கு ஒரு மாற்றுச் சான்று. அவரும் 1955இல் மறையுமுன் தம் படங்கள் பலவற்றை அழித்தார். ஆனால் ஆண் அம்மணப் படங்களைக் கின்சி ஆய்வு நிறுவனத்திடம் ஒப்படைத்தார். அவற்றைக் காக்க அங்கு ஒரு நிறுவனம் இருந்தது. கொழும்பில் அத்தகையது ஒன்றும் இல்லை.

நண்பர்களின் முயற்சியால் 1950இல் இலண்டனில் வெளிவந்த முதல் தொகுப்பு 'லயனல் வென்ட்ஸ் சிலோன்' எனப் பெயரிடப்பட்டது. தலைப்பே படங்களை ஒரு நாட்டின் காட்சித் தொகுப்பாக மாற்றிவிட்டது. 1953இல் அவருடைய வீடிருந்த நிலத்திலேயே அரங்கம் எழுந்தது. கார்க்கியின் நாடகத்துடன் அது திறக்கப்பட்டது. நூற்றாண்டையொட்டி 2000இல் வெளிவந்த மலர் படங்களை மீண்டும் புழக்கத்திற்குக் கொணர்ந்தது. 2017இல் ஆம்ஸ்டர்டாமில் நிகழ்ந்த கண்காட்சிக்குப் பின் ஆணுடற் படங்களே அவருடைய அடையாளமாக உலகெங்கும் பேசப்படலாயின. ஒரு முனையில் மறைக்கப்பட்டது மறுமுனையில் முழுமையாக்கப்பட்டது.

தில்லியில் பிறந்த சுனில் குப்தா 1980களில் எடுத்த 'எக்ஸைல்ஸ்' படத்தொடரில் தன்பாலீர்ப்பு ஆடவர் பலர் தில்லி நினைவுச்சின்னங்களின் முன் முகம் காட்டாது நிற்கின்றனர். படத்தின் கீழ் அவர்களுடைய சொந்தச் சொற்கள் அச்சிடப்பட்டுள்ளன. முகம் மறைந்தாலும் குரல் பதிவாகியிருக்கிறது. வென்ட்டின் தொகுதியில் இதற்கு நேர்மாறாக முகங்கள் பல தெளிவாக உள்ளன. ஒரு சொல்லேனும் உடன் வரவில்லை. அம்மீனவர்களும் மரமேறிகளும் எவ்வூரினர், எம்மொழியினர், ஒளிப்படக் கருவியின் முன் நின்றது பற்றித் தம் வீட்டாரிடம் யாது கூறினர் என்பன எந்த அருங்காட்சியகக் குறிப்பிலும் இல்லை. படங்களின் கீழ் இன்றும் 'பெயரிடப்படாதது' என்றே பொறிக்கப்படுகிறது.